டைபிரேக்கரில் பிழைத்த இரவு, செத்த இரவு: உங்கள் அனுபவத்தைப் போடுங்கள்

மஞ்சள்துண்டு (பிட்ஸ்பர்க்):

நானே ஆரம்பிக்கிறேன். 2022 ஜனவரி 9, ஞாயிறு. என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து) லீக் சுற்றின் கடைசி நாள். மதியம் பால்டிமோரில் எங்கள் ஸ்டீலர்ஸ் ஓவர்டைம் வரை இழுத்து 16-13 என்று ஜெயித்தார்கள். அதே மதியம் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ், அதுவரை இரண்டே ஆட்டம் ஜெயித்திருந்த ஜாக்சன்வில்லிடம் 26-11 என்று தோற்றது. நடக்கவே நடக்காது என்று நினைத்த விஷயம் அது. இனி ஒரே ஒரு கண்டம்தான் பாக்கி. இரவு லாஸ் வேகாஸில் ரெய்டர்ஸும் சார்ஜர்ஸும் ஆடும் ஆட்டம் டையில் முடியக்கூடாது. யார் ஜெயித்தாலும் சரி, நாங்கள் பிளேஆஃபுக்குள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு 9 வெற்றி, 7 தோல்வி, 1 டை. அவர்கள் இருவரும் 9-7. டை என்றால் பாதி வெற்றி, பாதி தோல்வி என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆட்டமும் டை ஆனால் மூவரும் 9-7-1, மிச்சமிருப்பது இரண்டு இடம். சமமாக நின்றால் யார் மேலே என்று பிரிக்கும் விதிதான் டைபிரேக்கர்; அதில் முதலில் பார்ப்பது யார் யாரைத் தோற்கடித்தார்கள் என்பதை. செப்டம்பரில் எங்களை ரெய்டர்ஸ் தோற்கடித்திருந்தது, நவம்பரில் சார்ஜர்ஸ். ஆக, அந்த இரண்டு அணியும் பேசி வைத்துக்கொண்டு ஆட்டம் முழுக்க நேரம் கடத்தப் பந்தோடு மண்டி போட்டாலே இருவருக்கும் பிளேஆஃப், எங்களுக்கு வீடு. அன்று பகல் முழுக்க ஊரில் இதே பேச்சுதான்.

நாலாவது குவார்ட்டரில் ரெய்டர்ஸ் 29-14. அப்பாடா என்று பல் துலக்கப் போனேன். திரும்பி வந்தால் சார்ஜர்ஸ் துரத்திக்கொண்டிருக்கிறது. வழக்கமான நேரத்தின் கடைசிப் பந்தில் சார்ஜர்ஸின் ஹெர்பர்ட் வீசிய டச் டவுன், 29-29. ஓவர்டைமில் ஆளுக்கொரு ஃபீல்டு கோல் (உதைத்து எடுக்கும் 3 பாயிண்ட்), 32-32. ரெய்டர்ஸ் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது, கடிகாரமும் ஓடியது. 38 விநாடி இருக்கும்போது சார்ஜர்ஸ் பயிற்சியாளர் ஸ்டேலி டைம்அவுட் கேட்டார். ஏன் கேட்டார் என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. அடுத்த ஓட்டத்தில் ரெய்டர்ஸின் ஜேக்கப்ஸ் 10 கெஜம். கடைசி விநாடியில் அவர்களுடைய கார்ல்சன் 47 கெஜத்திலிருந்து உதைத்தார். 35-32. மாடியிலிருந்து மனைவி "யாரு ஜெயிச்சா?" என்றாள். "யாரோ. நாம உள்ள" என்றேன்.

இதில் ஒரு விஷயம். அந்த ஒரு டை நவம்பர் 14 அன்று வந்தது. மழையில், அந்த சீசனில் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத டெட்ராய்ட் லயன்ஸோடு 16-16. எங்கள் முதல் வருடக்காரர் நஜி ஹாரிஸ், ஆட்டம் டையில் முடியலாம் என்பதே தனக்குத் தெரியாது என்று அப்புறம் சொன்னார். அன்று ராத்திரி நான் திட்டாத வார்த்தை இல்லை. அந்த அரை வெற்றிதான் ஜனவரியில் எங்களை 9-8 கூட்டத்துக்கு மேலே தூக்கி வைத்தது. (அடுத்த வாரமே கேன்சஸ் சிட்டியில் 42-21 வாங்கினோம். அதை யாரும் கிளற வேண்டாம்.)

ஊமைச்சிங்கம் (மிச்சிகன்):

அண்ணா, அந்த டையில் பாதி எங்களுடையது. ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

எங்கள் கதை அதற்கு அடுத்த வருடம், 2023 ஜனவரி 8. லயன்ஸ் 1-6 என்று ஆரம்பித்து, எப்படியோ எழுந்து கடைசி நாளில் 8-8. இரவு கிரீன் பேயில் பேக்கர்ஸோடு ஆட்டம். ஆனால் அதற்கு முன்பே சாயங்காலம் சியாட்டில் சீஹாக்ஸ் ஓவர்டைமில் ராம்ஸை 19-16 என்று முடித்துவிட்டது. சியாட்டில் 9-8. நாங்கள் ஜெயித்தாலும் 9-8தான். அக்டோபர் 2 அன்று எங்கள் மைதானத்திலேயே சியாட்டில் எங்களை 48-45 என்று ஜெயித்திருந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நாங்கள் அவுட்.

45 பாயிண்ட் எடுத்தும் தோற்ற அந்த ஆட்டத்தை அன்றைக்குச் சிரித்துக்கொண்டே பார்த்தேன். பந்து இங்கும் அங்கும் பறந்தது, நல்ல பொழுதுபோக்கு. ஜனவரியில் அதன் பில் வந்தது.

செத்துப் போனவர்கள் என்ன ஆடுவார்கள் என்று பார்த்தால் 20-16 என்று ஜெயித்து, பேக்கர்ஸையும் கூடவே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆரன் ராட்ஜர்ஸ் பேக்கர்ஸுக்காக வீசிய கடைசிப் பந்தைப் பிடித்தது எங்கள் கெர்பி ஜோசப். பேக்கர்ஸ் தோற்றதால் இடம் யாருக்கு? சியாட்டிலுக்கு. அன்றிரவு சியாட்டில் முழுக்க எங்களுக்காகக் கத்தியிருக்கும்.

புதுசு (டல்லாஸ்):

இரண்டு வருடமாகத்தான் பார்க்கிறேன், நான் சி.எஸ்.கே. ஆள். 2024 மே 18 அன்று ஆர்.சி.பி.யிடம் 18 ரன்னுக்கும் குறைவாகத் தோற்றிருந்தால் போதும், 27 ரன்னில் தோற்று நெட் ரன் ரேட்டில் வெளியே போனோம். இங்கே பாயிண்ட் வித்தியாசமே பார்க்க மாட்டார்களா?

பழையபாஸ்டன்:

தம்பி, பார்ப்பார்கள், ஆனால் அது ரொம்பக் கீழே கிடக்கிறது. ஒரே டிவிஷனுக்குள் (நாலு அணி கொண்ட குழு) இரண்டு அணி சமம் என்றால் முதலில் நேருக்கு நேர், அப்புறம் டிவிஷனுக்குள் எப்படி, அப்புறம் இருவருக்கும் பொதுவான எதிரிகளிடம் எப்படி, அப்புறம் கான்ஃபரன்ஸுக்குள் (லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்று) எப்படி. அதற்கும் கீழேதான் மற்றதெல்லாம். வைல்ட் கார்டு (டிவிஷனில் முதலிடம் பிடிக்காதவர்களுக்கான பிளேஆஃப் இடம்) என்றால் நேருக்கு நேருக்கு அடுத்தபடியே கான்ஃபரன்ஸ் கணக்கு வந்துவிடும். இந்தப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி விழுந்தவன் நான். 2008.

அந்த வருடம் எங்கள் குவார்ட்டர்பேக் (பந்து வீசுபவர்) பிரேடி முதல் ஆட்டத்திலேயே முழங்காலை உடைத்துக்கொண்டார். மாற்று ஆள் கேசல் வந்து எங்கள் பேட்ரியட்ஸை 11-5க்கு இழுத்துப் போனார். மயாமி டால்ஃபின்ஸும் 11-5. முந்தின வருடம் ஒரே ஆட்டம் ஜெயித்த அணி அது. நேருக்கு நேர் 1-1. டிவிஷனுக்குள் இருவரும் 4-2. பொது எதிரிகளிடமும் இருவரும் சமம். நானே ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், பிசகவே இல்லை. கடைசியில் கான்ஃபரன்ஸ்: அவர்கள் 8-4, நாங்கள் 7-5.

அது எப்படி வந்தது தெரியுமா? இரண்டு பேரும் தோற்றது ஐந்து ஆட்டம். எங்கள் ஐந்தும் எங்கள் கான்ஃபரன்ஸான ஏ.எஃப்.சி. அணிகளிடம். மயாமியின் ஐந்தில் ஒன்று எதிர்க் கான்ஃபரன்ஸில் இருந்த அரிசோனா கார்டினல்ஸிடம். அதே அரிசோனாவை டிசம்பரில் எங்கள் மைதானமான ஃபாக்ஸ்பரோ பனியில் நாங்கள் 47-7 என்று துவைத்தோம். அந்த 40 பாயிண்டுக்கு இந்தக் கணக்கில் காலணா மதிப்பில்லை. மயாமி அங்கே தோற்றதுதான் அவர்களைக் காப்பாற்றியது. உங்கள் ரன் ரேட் போல ஒன்று இருந்திருந்தால் நாங்கள்தான் மேலே.

மிச்சமிருந்த வைல்ட் கார்டிலும் பால்டிமோர் 11-5, அவர்களும் கான்ஃபரன்ஸில் 8-4. கதவு சாத்தப்பட்டது. 8-8 எடுத்த சான் டியாகோ தன் டிவிஷனில் முதலிடம் என்பதால் உள்ளே போனது, போதாக்குறைக்குச் சொந்த மைதானத்தில் 12-4 எடுத்த கோல்ட்ஸை வீட்டுக்கும் அனுப்பியது. இந்த டிவிஷன் சாம்பியன் சலுகை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

சீஸ்தொப்பி (விஸ்கான்சின்):

எங்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் நாங்கள் அதைத் தாண்டி வந்தவர்கள். 2010இல் சியாட்டில் 7-9 எடுத்து டிவிஷன் சாம்பியன். கடைசி வைல்ட் கார்டுக்கு எங்கள் பேக்கர்ஸ், ஜயன்ட்ஸ், டாம்பா பே மூவரும் 10-6. ஜயன்ட்ஸை ஒரு வாரம் முன்புதான் 45-17 என்று ஜெயித்திருந்தோம், ஆனால் அது செல்லாது. மூன்று அணி என்றால் ஒரே அணி மற்ற இரண்டையும் ஜெயித்திருக்க வேண்டும், நாங்கள் டாம்பாவோடு ஆடவே இல்லை. கான்ஃபரன்ஸும் சமம். கடைசியில் 'நீ ஜெயித்த அணிகள் எவ்வளவு ஜெயித்தன' என்று பார்த்து எங்களை எடுத்தார்கள். அதாவது நாம் எப்போதோ ஜெயித்த அணிகள் எல்லாம் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டிய நிலை.

அப்படி நூலிழையில் நுழைந்தவர்கள் வெளியூரில் மூன்று ஆட்டம் ஜெயித்து சூப்பர் பவுலும் (இறுதி ஆட்டம்) எடுத்தார்கள், 31-25. யாரை என்று சொல்லலாமா, மஞ்சள்துண்டு அண்ணா?

மஞ்சள்துண்டு (பிட்ஸ்பர்க்):

வேண்டாம்.

புதுசு (டல்லாஸ்):

எல்லாப் படியும் சமமானால்?

பழையபாஸ்டன்:

டாஸ். பிளேஆஃப் இடத்துக்கு அது வரை போனதில்லை. டிராஃப்ட் (புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது) வரிசைக்குப் போயிருக்கிறது. 2018இல் சான் ஃபிரான்சிஸ்கோவும் ஓக்லண்டும் ஒன்பதாவது இடத்துக்காக நாணயம் சுண்டினார்கள், சான் ஃபிரான்சிஸ்கோ ஜெயித்தது. சரி தம்பி, உங்கள் கவ்பாய்ஸ் இந்த வருடம் எந்தப் படியில் நிற்கிறது?