பழைய சிங்கர் 28கே தையல் இயந்திரத்திற்கு ஷட்டில் தேவை

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் பழைய தையல் இயந்திரங்களை வாங்கிச் சீர்செய்து விற்று வருகிறேன். அண்மையில் கையால் சுற்றும் சிங்கர் 28கே ஒன்று கிடைத்தது. எண்ணை அடுத்து வரும் ‘கே’ என்ற எழுத்து, அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் 1980 வரை இயங்கிய ஆலையில் உருவானது என்பதைக் காட்டுகிறது. பிசினாக இறுகியிருந்த பழைய எண்ணெயை மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, இரண்டு நாள் ஊறவைத்து, கைச்சக்கரத்தை மெல்ல மெல்ல அசைத்ததில் அது இப்போது ஓசையின்றிச் சுழல்கிறது.

ஆனால் கீழ்நூலைத் தாங்கி ஓடும் தோட்டா வடிவ ஷட்டிலும், அதனுள் செல்லும் நூல் சுற்றிய நீண்ட மெல்லிய பாபினும் அதில் இல்லை. இன்றைய வட்ட பாபின் இதற்குப் பொருந்தாது. வாங்கிப் போட்ட புதிய ஷட்டிலின் முனை சொரசொரப்பாக இருப்பதால், மேல்நூல் அதில் சிக்கிப் பத்துப் பதினைந்து தையலுக்கு ஒருமுறை அறுந்துவிடுகிறது. தேயாத பழைய ஷட்டில் எங்கே கிடைக்கும்? இல்லையெனில், புதியதன் முனையை எந்த எண் எமரித் தாளால் தேய்த்து வழவழப்பாக்கலாம்?

மேலும், பொன்னிறப் பூவேலையின் மேல் அரக்குப் பூச்சு இருப்பதால் ஸ்பிரிட்டையோ தின்னரையோ அண்டவிடாமல், தையல் எண்ணெய் தொட்ட பஞ்சால் மட்டுமே துடைத்தேன். ஆயினும் துணி உரசும் முன் ஓரத்தில் பொன் மங்கி வெள்ளிபோல் தெரிகிறது. அதன்மேல் பிரெஞ்சு பாலிஷை (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு) மெல்லியதாக ஏற்றலாமா? வாங்கக் காத்திருக்கும் அம்மா, தம் பாட்டி தைத்ததைப் போன்ற இயந்திரத்தைத் தேடுகிறார். புதுப் பெயின்ட் அடித்துக் கொடுக்க எனக்கு மனமில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.