புதுப்பிப்பு: மணலுக்குள் போன சங்கு நண்டு வெளியே வந்துவிட்டது

மயிலாடுதுறை வீட்டில் வளர்க்கும் சங்கு நண்டு (காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு) மணலுக்குள் புதைந்து மூன்று வாரமாகிறது, செத்துவிட்டதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ‘சட்டை உரிக்கிறது, தோண்டாதீர்கள், அழுகல் நாற்றம் வந்தால் மட்டும் பாருங்கள்’ என்ற யோசனைதான் அதைக் காப்பாற்றியது. பிடித்தால் உருண்டையாக நிற்கிற ஈரமணல் ஆறு அங்குலம், கண்ணாடி மூடி, ஈரப்பதம் 80 சதவீதம். அவ்வளவுதான் செய்தேன்.

44ஆம் நாள் காலையில் வந்தது. கால்நுனிகள் ஊசி மாதிரி கூர். உடைந்திருந்த இடக்கொடுக்கு சிறியதாக மறுபடி முளைத்திருந்தது! உரித்த ஓட்டின் மிச்சம் கிடந்தால் எடுத்துப் போடாதீர்கள், சுண்ணாம்புச் சத்துக்காக அதுவே தின்னும்.

எதிர்பாராதது ஒன்று: சாயம் பூசிய கடைச் சங்கை விட்டுவிட்டு, வேகவைத்துக் கழுவி வைத்திருந்த வயல் நத்தை ஓட்டுக்குக் குடிபோய்விட்டது.