தண்டையார்பேட்டை வீடு: கைப்பிடிச் சுவரில் ஓர் அரசமரம்

திங்கள்

ரவி: எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு பிரியாவுக்கு வளைகாப்பு. பந்தி மாடியில்தான். தெருப் பக்கக் கைப்பிடிச் சுவரில் அரசமரம் முளைத்துச் சுவர் பிளந்திருக்கிறது. வியாழன் காலை கொத்தனார் வருகிறார். வெட்டிவிட்டு ஆசிட் ஊற்றிப் பூசிவிடலாம் என்கிறார். கூலி பொதுச் செலவு. சித்தப்பா, உங்கள் போன்சாய்க் குட்டை மரத் தொட்டிகளைப் புதனுக்குள் நகர்த்திவிடுங்கள்.

கோமதி அத்தை: சரிப்பா

லோகு மாமா: பந்தியில் என்ன?

[தினேஷ் ஒரு செய்தியை நீக்கினார்]

லோகு மாமா: படித்துவிட்டோம். நைட் ஷோ என்ன படம்?

தினேஷ்: வேற குரூப்புக்கு அனுப்பியது மாமா

சேகர் சித்தப்பா: ஆசிட் வேண்டாம். அந்த மரத்தை யாரும் தொட வேண்டாம். விவரமாக எழுதுகிறேன்.

வசந்தி சித்தி: போச்சு

சேகர் சித்தப்பா: ரவி, அது காக்கை எச்சத்தில் விழுந்து தானாக முளைத்தது. அண்ணன் இருந்த காலத்திலிருந்தே பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்க வருகிறவர் ஒடித்துவிட்டுப் போவார். இது மறுபடி துளிர்க்கும். அதனால் உயரம் ஏறவில்லை, அடிமரம் மட்டும் பருத்துவிட்டது. என் மணிக்கட்டை விடப் பெரிது. போய்ப் பார். கவிதா வீட்டுக்கு ஸ்பெயின் போயிருந்தபோது ஒலிவ மரத்தில், அதுதான் ஆலிவ், இதையேதான் பார்த்தேன். அங்கே மலைச்சரிவில் காட்டு ஒலிவம் தானாக வளர்கிறது, அசெபூச்சே என்கிறார்கள். துளிர் விட விட ஆடு மேய்ந்துவிடும். முழங்கால் உயரத்தைத் தாண்டாமல் பல வருஷம் நின்று, அடி மட்டும் முறுக்கிப் பருத்துப்போகும். போன்சாய் வளர்ப்பவர்கள் நிலக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அதைத் தோண்டி எடுக்கிறார்கள். விதை போட்டு அப்படி ஓர் அடிமரம் வர வேண்டுமானால் நான் இருக்க மாட்டேன். அங்கே ஆடு செய்த வேலையை இங்கே வெள்ளையடிக்கிறவர் செய்திருக்கிறார். நமக்குச் சும்மா கிடைத்திருக்கிறது, அதில் போய் ஆசிட் ஊற்றுவேன் என்கிறாய்.

லோகு மாமா: நான் மெனு கேட்டேன்

ரவி: புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். சம்பந்தி வீட்டில் மாங்காய் சாதம் கொண்டு வருகிறார்கள்.

லோகு மாமா: ஆவணியில் மாங்காயா?

கோமதி அத்தை: கொண்டு வர்றதைச் சாப்பிடுங்க

பிரபு: சித்தப்பா, மரம் நல்ல விஷயம். ஆனால் மாடியில் ஏற்கெனவே நடக்க இடமில்லை. அது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்துக்கு மேலே செங்கல்லைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில், சுண்ணாம்பு வைத்து அடுக்கியது. தினமும் தண்ணீர் இறங்கினால் உத்தரம் உளுத்துவிடும். அதன் மேல் அறுபது பேர் உட்காரப் போகிறார்கள்.

சேகர் சித்தப்பா: மேடவாக்கத்திலிருந்து பார்த்தால் உத்தரம் தெரிகிறதா?

பிரபு: இஞ்சினியர் என்ற முறையில் சொன்னேன்

சேகர் சித்தப்பா: பெரிய தொட்டியெல்லாம் சுவர் ஓரமாகத்தான் இருக்கிறது. கீழே செங்கல் கொடுத்து உயர்த்தியிருக்கிறேன். போன தீபாவளிக்கு வந்திருந்தால் பார்த்திருப்பாய்.

கோமதி அத்தை: ஆரம்பிக்காதீங்க

அம்சா பெரியம்மா: [குரல் செய்தி 2:14]

பிரபு: மீட்டிங்கில் இருக்கிறேன், யாராவது எழுத்தில் போடுங்கள்

வசந்தி சித்தி: அக்கா சொல்வது இதுதான். வளருகிற மரத்தை வளரவிடாமல் கம்பி சுற்றிக் கட்டி வைப்பது வளைகாப்பு வீட்டுக்கு ஆகாதாம். ஞாயிறு முடிகிற வரைக்கும் எல்லாத் தொட்டியும் வெளியே போக வேண்டுமாம். கடைசியில் "உங்கப்பா மாடியைச் சித்தப்பாவுக்கு எழுதிக் கொடுத்துட்டாரா" என்று ரவியைக் கேட்கிறார். அதை மட்டும் நான் எழுதவில்லை.

லோகு மாமா: எழுதிவிட்டாயே அம்மா

சேகர் சித்தப்பா: அண்ணி, அரசமரத்தை வெட்டினால் பாவம் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். நான் அதை உயிரோடு எடுத்து வைக்கிறேன் என்கிறேன்.

அம்சா பெரியம்மா: வெட்டச் சொல்லலை தம்பி. வேற இடத்துல வைங்க

பிரியா: அத்தை, எனக்கு மரத்தால் ஒன்றும் இல்லை

ரவி: நீ இதில் வராதே

பிரியா: என் வளைகாப்புதானே

செவ்வாய்

கவிதா: அப்பா, தனியாகச் சொன்னதை இங்கேயும் போட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடி கேட்பீர்கள். ஒலிவக் கட்டையைப் பெட்டியில் வைத்துக் கொண்டு வர முடியாது.

கோமதி அத்தை: என்ன கட்டை?

வசந்தி சித்தி: பேத்திக்கு ஒரு கவுன் கேட்டிருக்கலாம். மரக்கட்டை கேட்டிருக்கிறார்.

கவிதா: வேரோடு ஒரு செடி இந்தியாவுக்குள் வர, 2003-இல் வந்த தாவரக் குவாரண்டைன் ஆணைப்படி முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வேண்டும். இங்கிருந்து தாவர நலச் சான்றிதழ் வேண்டும். மண்ணோடு கொண்டு வரவே கூடாது. காரணம் இருக்கிறது. இத்தாலியில் புலியா பக்கம் 2013-இல் சைலெல்லா என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். சாறு உறிஞ்சும் பூச்சி பரப்புகிறது. தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுவதால் லட்சக்கணக்கான ஒலிவ மரங்கள் நின்ற இடத்திலேயே காய்ந்தன. 2017-இல் இங்கே ஸ்பெயினில் அலிகாந்தேயில் பாதாம் மரங்களுக்கும் வந்துவிட்டது. நாங்கள் இருக்கிற வாலென்சியாவிலிருந்து அது பக்கம்தான். நான் ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து மீனம்பாக்கத்தில் நிற்க மாட்டேன்.

லோகு மாமா: ஆலிவ் எண்ணெய்?

கவிதா: அது வரும் மாமா

கோமதி அத்தை: எனக்கு ரெண்டு பாட்டில். முட்டிக்கு

சேகர் சித்தப்பா: சரி. ராஜஸ்தானில் 2007 வாக்கில் இஸ்ரேல் நாற்று கொண்டு வந்து தோப்பே போட்டார்கள். அங்கிருந்து வாங்கலாம்.

கவிதா: நாற்று கிடைக்கும், அடிமரம் கிடைக்குமா? பென்சில் தண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? சென்னையில் காய்க்கவும் செய்யாது. பூக்க ஒரு குளிர்காலம் வேண்டும்.

சேகர் சித்தப்பா: காய் யார் கேட்டார்கள்? அந்தச் சின்ன இலைக்கும் பட்டைக்கும்தான். நம் போர் தண்ணீர் உப்புக்கும் அது ஓரளவு தாங்கும். இமாச்சல் காடுகளில் அதன் சொந்தக்கார மரம் இருக்கிறது, அதைத் தோண்டினால் வனத்துறை பிடிக்கும், அதுவும் நியாயம்தான். அதனால்தான் சொல்கிறேன், சுவரில் இருப்பது நமக்குப் போதும்.

தினேஷ்: சித்தப்பா அரசு இலை பெருசாச்சே, சின்ன மரத்துக்கு நல்லா இருக்குமா

சேகர் சித்தப்பா: நல்ல கேள்வி.

வசந்தி சித்தி: தினேஷ் உனக்கு வேண்டும்

சேகர் சித்தப்பா: வேர் தொட்டிக்குள் அடங்கி, கிளையைக் கிள்ளிக் கிள்ளி விட்டால் இலை சிறுக்கும். ஆனால் ஒலிவம், இச்சி மரம் அளவுக்குச் சிறுக்காது. அதனால் இதை உள்ளங்கை மரமாக வைக்க முடியாது, இடுப்பு உயரத்தில் வைத்தால்தான் அழகு. இன்னொரு வித்தியாசம், ஒலிவக் கட்டை இரும்பு. பட்டுப்போன பகுதியைச் செதுக்கி வெள்ளையாக விட்டால் அப்படியே நிற்கும். அரசில் அந்தப் பகுதி உளுத்துவிடும். வெட்டுவாயைச் சாய்வாக வெட்டி, பால் வடிவதைக் கழுவி, பசை பூச வேண்டும். ஒலிவத்தைக் குளிர் முடிகிற நேரத்தில், துளிர்ப்பதற்கு முன் எடுப்பார்கள். அரசுக்கு வெக்கையும் ஈரமும் சேர வேண்டும். சித்திரையில் எடுத்தால் காய்ந்துவிடும். ஆவணியில் சாயங்காலம் சாயங்காலம் மழை வருகிறதே, இதை விட நல்ல நேரம் கிடையாது.

அம்சா பெரியம்மா: வளையல் யார் வாங்குறது

கோமதி அத்தை: எம்.சி. ரோடு போறேன் அண்ணி. கண்ணாடி வளையல் எத்தனை டஜன்?

பிரியா: அத்தை, எனக்கு 2.6

கோமதி அத்தை: இப்ப கை வீங்கியிருக்கும், 2.8 வாங்குறேன்

புதன்

ரவி: கொத்தனாரிடம் பேசினேன். மரத்தை உயிரோடு எடுக்க வேண்டுமானால் கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்க்க வேண்டும், கூட ஓர் ஆள், 900 ரூபாய் என்கிறார். ஆசிட் என்றால் அரை மணி நேர வேலையாம்.

பிரபு: ஆசிட்டில் நான் சித்தப்பா பக்கம். அது சுண்ணாம்புக் காரையைக் கரைத்துவிடும். மரம் செத்து சுவரும் போகும். எப்படியும் மேல் இரண்டு வரிசைக் கல்லை எடுத்தால்தான் உள்ளே போன வேரைப் பிடிக்கலாம், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் திரும்ப வரும். மூடும்போது சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்பு. சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

சேகர் சித்தப்பா: கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் விட்டு அரைத்த சுண்ணாம்பு. அப்பா கட்டியது அப்படித்தான்.

லோகு மாமா: வெல்லம் பொங்கலுக்கே பத்தாது

ரவி: 900 யார் தருவது?

சேகர் சித்தப்பா: சுவர் பொது

பிரபு: மரம்?

சேகர் சித்தப்பா: மரம் சுவரில்தானே இருக்கிறது

பிரபு: அப்படியானால் மரமும் பொது. மாடியும் பொது.

கோமதி அத்தை: நான் அந்த வீட்டில் பங்கு கேட்டவள் இல்லை. அம்மாவுடைய தையல் மிஷின் ஒன்று கேட்டேன். அதுவும் வரவில்லை. நீங்கள் 900 ரூபாய்க்குப் பேசுகிறீர்கள்.

ரவி: அத்தை

தினேஷ்: அத்தை மிஷின் மாடியில் படிக்கட்டு ஷெட்டில் இருக்கு. மேல சித்தப்பா ஆலமரத் தொட்டி வச்சிருக்கார்

லோகு மாமா: தினேஷ், படத்துக்குப் போ

கோமதி அத்தை: அம்மா மிஷின் மேலயா சேகர்?

சேகர் சித்தப்பா: அக்கா, பலகை போட்டுத்தான் வைத்திருக்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது.

வசந்தி சித்தி: மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் கீழே இருந்த என் கிரைண்டரை விட்டுவிட்டுத் தொட்டியைத் தூக்கியவர். எனக்கு ஆச்சரியம் இல்லை.

அம்சா பெரியம்மா: [குரல் செய்தி 3:40]

பிரபு: இதை யாரும் எழுத வேண்டாம்

வியாழன்

ரவி: கொத்தனார் வந்துவிட்டார். கையில் ஆசிட் பாட்டில்.

சேகர் சித்தப்பா: மேலே வருகிறேன். அவரை நிற்கச் சொல்.

ரவி: [படம்]

ரவி: [படம்]

பிரபு: அடி நிஜமாகவே பெரிதாக இருக்கிறது

கவிதா: அப்பா, வேர் எவ்வளவு கிடைத்தது?

சேகர் சித்தப்பா: கல் இடுக்கில் தகடாகப் படர்ந்திருந்தது. இரண்டு பெரிய வேர் உள்ளே இறங்கியது, ரம்பம் வைத்து அறுத்துவிட்டேன். நுனி வேர் ஒரு கைப்பிடி தேறும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒலிவத்தைக் கிட்டத்தட்ட வேரே இல்லாமல் அடியோடு தட்டையாக அறுத்து வைத்தாரே, அதற்கு இது எவ்வளவோ தேவலாம். தலையை வெட்டிவிட்டேன். செங்கல் ஜல்லியும் ஆற்று மணலும். எருவே கிடையாது. ஆடாமல் கயிறு போட்டு டப்போடு சேர்த்துக் கட்டி, மேலே பாலிதீன் மூடியிருக்கிறேன். எல்லோரும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளில் துளிர் வரும். உடனே பிழைத்துவிட்டது என்று யாரும் பாலிதீனை எடுக்கக் கூடாது, பிடித்து ஆட்டிப் பார்க்கவும் கூடாது. அந்தத் துளிர் கட்டையில் ஏற்கெனவே இருக்கிற சத்தில் வருவது. வேர் அதற்கப்புறம்தான். அந்தச் சமயத்தில் ஆட்டினால் புது வேர் அறுந்துபோகும். ஒலிவத்தில் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது அங்கேதான். கம்பி சுற்றுவதெல்லாம் அடுத்த வருஷப் பேச்சு, சின்னத் தொட்டி அதற்கும் பிறகு.

லோகு மாமா: அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கூடாது என்கிறாய் மச்சான்

அம்சா பெரியம்மா: வளைகாப்பு வச்சிருக்கிற வீட்டுல பேசுற பேச்சா

லோகு மாமா: மரத்தைச் சொன்னேன் அம்மா

பிரியா: மாமா, நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்

ரவி: டப் எங்கே இருக்கிறது சித்தப்பா?

சேகர் சித்தப்பா: நிழல் வேண்டும். கீழே மாடிப்படி அடியில்.

ரவி: அங்கேதானே சமையல்காரர் அடுப்பு போடப் போகிறார்

அம்சா பெரியம்மா: கம்பி இல்லைன்னா இருக்கட்டும். ஆனா சம்பந்தி கண்ணுல படக்கூடாது

வசந்தி சித்தி: அக்கா ஒத்துக்கொண்டார், இனி அடுப்பு ஒத்துக்கொள்ள வேண்டும்

பிரபு: சுவர் மூடியாகிவிட்டதா?

ரவி: பாதி. சுண்ணாம்பு கையில் இல்லை, சிமெண்ட்தான் இருக்கிறது என்கிறார். திறந்தபடி நிற்கிறது. மேகம் வேறு கறுத்துக்கொண்டு வருகிறது.

பிரபு: தார்ப்பாய் போடு. ஞாயிறு பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதே. சனிக்கிழமை கவிதாவை அழைத்துக்கொண்டு நானே வருகிறேன், உத்தரத்தையும் பார்க்கிறேன்.

சேகர் சித்தப்பா: வா. சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம்.

ரவி: அப்படியானால் பந்தி மாடியா, எதிர் வீட்டு ஹாலைக் கேட்கட்டுமா?

கோமதி அத்தை: ஹாலைக் கேட்டு வை

அம்சா பெரியம்மா: மாடிதான்

ரவி: 900 நான் கொடுத்திருக்கிறேன். அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கோமதி அத்தை: ஞாயிறு போகும்போது மிஷினை ஆட்டோவில் ஏற்றிவிடுங்கள்

சேகர் சித்தப்பா: ஏற்றிவிடலாம் அக்கா. அந்த ஆலமரத்துக்குப் போன வாரம்தான் தொட்டி மாற்றினேன், இப்போது அசைக்கக் கூடாது. புரட்டாசி கழியட்டும்.

கோமதி அத்தை: எந்த வருஷப் புரட்டாசி?

ரவி: சேர் அறுபதா, எண்பதா? கடைக்காரர் லைனில் இருக்கிறார்.