எழுந்து நடக்கும் சோதனை: ஒரே நாளில் 13 விநாடியும் 18 விநாடியும் ஏன்?

கேள்வி:
78 வயது அம்மா ஒருவருக்கு டைம்டு அப் அண்ட் கோ சோதனை (நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார ஆகும் நேரம்) எடுத்ததில் காலையில் 13 விநாடி. மாலையில் வேறொருவர் எடுத்தபோது 18. எதைப் பதிவு செய்வது? கையை ஊன்றாமல் அவரால் எழவும் முடியவில்லை.

பதில் 1:
முதலில் நாற்காலியைப் பாருங்கள். கைப்பிடி இருக்க வேண்டும், இருக்கை உயரம் சுமார் 46 செ.மீ. தாழ்வாக இருந்தால் எழுவதற்கே நேரம் போய்விடும். 3 மீட்டர் அளந்து தரையில் டேப் ஒட்டுங்கள். முதுகு சாய்ந்திருக்கும்போது "போங்க" என்று சொன்ன அந்த நொடியே ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும். பலர் உடம்பு அசைந்த பிறகுதான் அழுத்துகிறார்கள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். "வேகமா" என்று சொல்லவே கூடாது, வழக்கமான நடைதான். வழக்கமான செருப்பு, கைத்தடி இருக்கட்டும். நேரம் குறிக்காமல் ஒரு ஒத்திகை கொடுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்றே கொள்ளுங்கள். உங்கள் இரண்டு எண்ணுமே அந்த அபாய வரம்பில்தான் வருகின்றன.

கேள்வி கேட்டவர்:
மாலையில் கைப்பிடி இல்லாத தாழ்வான நாற்காலி. வாக்கரும் கொடுக்கவில்லை.

பதில் 2:
அப்படியானால் அவை இரண்டும் வேறு வேறு சோதனைகள். சராசரி எடுக்காதீர்கள். எந்த நாற்காலி, என்ன துணைக்கருவி என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பார்க்கின்சன் மாத்திரை சாப்பிடுபவரென்றால் கடைசி டோஸ் எத்தனை மணிக்கு என்பதும் வேண்டும்.

எனக்கு விநாடியைவிட அந்தக் கை ஊன்றல்தான் கவலை. தொடையில் பலம் குறைந்திருக்கலாம், முழங்கால் வலியாகவும் இருக்கலாம். வலிக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இதற்குத் தனிச் சோதனை உண்டு: 43 செ.மீ. உயர நாற்காலியில், கைகளை மார்பில் குறுக்கே கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுகிறார் என்று எண்ணுங்கள். கை ஊன்றினால் மதிப்பெண் 0. அதையும் அப்படியே எழுதுங்கள், மனமிரங்கி 1 போட்டால் அடுத்த மாத முன்னேற்றம் தெரியாமல் போகும்.

நடைச் சோதனையில் திரும்பும் இடத்தில் கண் வையுங்கள். சின்னச் சின்ன அடியாகப் பல அடி வைத்துத் திரும்புகிறாரா, சுவரைப் பிடிக்கிறாரா?

பதில் 3:
எழுந்ததும் தள்ளாடினால் ரத்த அழுத்தமும் பாருங்கள். 5 நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, நின்ற பின் 1வது, 3வது நிமிடத்தில். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கூட நடப்பவர் பலவீனமான பக்கத்தில், அரை அடி பின்னால் வர வேண்டும். முன்னால் போனால் அவர் உங்கள் வேகத்தைத்தான் பிடிப்பார்.