கீழாநெல்லி ஹெபடைட்டிஸ் பி கிருமியைப் போக்குமா?

தக்கலை வாசகர் (கேள்வி):
எங்கள் பக்கம் காமாலை என்றாலே வாழைத்தோட்டத்து வரப்பில் கீழாநெல்லியைத்தான் முதலில் தேடுவார்கள். என் அம்மா அதை வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருண்டையை மோரில் கரைத்து வெறும் வயிற்றில் தருவார். சிறு வயதில் எனக்கு வந்த காமாலை அப்படித்தான் இறங்கியது. இப்போது என் தம்பிக்கு நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் கிருமித் தொற்று இருப்பது தெரிந்து, தினமும் ஒரு மாத்திரை சாப்பிட்டு வருகிறான். கீழாநெல்லியால் இந்தக் கிருமி போகும் என்று சென்னையிலேயே நிரூபித்திருப்பதால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார் அம்மா. அந்த ஆராய்ச்சி உண்மைதானா?

நாகர்கோவில் சித்த மருத்துவர்:
ஆராய்ச்சி உண்மைதான். சென்னையில் தியாகராஜன் குழுவினர் நடத்தி, 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டது அது. வேர் நீக்கி உலர்த்திய செடிப்பொடி 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்ததில், 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் கிருமி உடலில் இருப்பதைக் காட்டும் அதன் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்தது. ஒப்பீட்டுக்காக வெற்று மருந்து (மருந்துச் சத்து இல்லாத போலி மருந்து) உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. படித்த நாளில் எனக்கு உண்டான பெருமிதம் இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் தாய்லாந்தில் இதே செடியைக் கொடுத்துப் பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2011ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும், வெற்று மருந்தைவிட இது மேலானது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்றே முடித்தது.

உங்களுக்குச் சிறு வயதில் வந்தது ஹெபடைட்டிஸ் ஏ என்ற வேறொரு கல்லீரல் கிருமித் தொற்றாக இருந்திருக்கலாம்; அது பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். தம்பியின் நோய் அப்படிப்பட்டதன்று. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகிக் கல்லீரல் கடுமையாக வீங்கக்கூடும். சித்த மருத்துவனாகவே சொல்கிறேன், தயவுசெய்து நிறுத்த விடாதீர்கள்.

மார்த்தாண்டம் தாவரவியல் ஆசிரியை:
செடியைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். ஒரே வரப்பில் பறித்த கைப்பிடிச் செடிகளிலும் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் கலந்திருக்கும். எல்லாவற்றிலும் இலைக்காம்பின் அடியில் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்குவதால் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். சிவந்த தண்டுள்ளது வேறு இனம். சென்னையில் ஆராய்ந்த பில்லாந்தஸ் அமாரஸ் என்ற கீழாநெல்லி இனத்தில் உள்ள பில்லாந்தின் போன்ற சேர்மங்களின் அளவும் மண்ணுக்கு மண் மாறும். எனவே ஆய்வகத்தில் அளந்து கொடுத்த பொடியையும் அம்மியில் அரைத்த உருண்டையையும் ஒன்றெனக் கொள்ள முடியாது. உங்கள் அம்மாவின் கைப்பக்குவத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

குலசேகரம் செவிலியர்:
தம்பியோடு வசிக்கும் எல்லாரும், குறிப்பாக அம்மா, இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்தக் கிருமி பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு வரக்கூடியது. தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

தக்கலை வாசகர்:
மிக்க நன்றி. மருத்துவர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். மாத்திரை தொடரட்டும் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை நாங்கள் மூவரும் பரிசோதனைக்குப் போகிறோம்.