செல்பேசிக் கோபுரம் விழுந்தாலும் அக்கா வீட்டுக்குச் செய்தி போக வேண்டும்: மெஷ்டாஸ்டிக் எங்கே தொடங்குவது?

தோப்புக்காரன்:
ஊர் வேதாரண்யத்துக்கு மேற்கே. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது வீட்டில்தான் இருந்தேன். மரம் போன கதையை விடுங்கள், எல்லோருக்கும் போயிற்று. அக்கா வீடு நான்கு கிலோமீட்டர் தள்ளி. செல்பேசியில் ஒரு கோடுகூட இல்லை. விழுந்து கிடந்த தென்னைகளைத் தாண்டித் தாண்டி நடந்து போய்ச் சேர மதியமாகிவிட்டது. அக்கா திண்ணையில் நனைந்த நெல்லைப் பரப்பிக்கொண்டிருந்தார். “நீ இருக்கிறாயா?” என்று அவர் என்னைக் கேட்டார்.

மெஷ்டாஸ்டிக் என்று சிறிய ரேடியோ கருவிகள் தங்களுக்குள் செய்தி கடத்தும் ஏற்பாடு இருக்கிறதாம்; அது இருந்தால் கோபுரமே இல்லாமல் செய்தி போகுமாம். உரிமம் வேண்டுமா? நான்கு கிலோமீட்டர் எட்டுமா? நடுவில் முழுக்கத் தோப்பு. படமும் போகுமா என்று மகன் கேட்கிறான்.

மாடிக்கம்பி (மன்னார்குடி):
முதலில் மகனுக்கு: போகாது. இது லோரா ரேடியோ: குறைந்த மின்சாரத்தில் தொலைவு போகும், ஆனால் மெதுவாக. வழக்கமான ‘லாங் ஃபாஸ்ட்’ அமைப்பில் வேகம் நொடிக்குச் சுமார் 1 கிலோபிட். நூறு கிலோபைட் படத்தை இந்த வேகத்தில் தள்ளினால், வேறு யாரும் வாய் திறக்காமல் இருந்தாலும் பத்து நிமிடத்துக்கு மேலாகும். எழுத்து, இருக்குமிடம், அவ்வளவுதான்.

உரிமம் வேண்டாம். இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸ் பட்டையைக் குறைந்த திறனில் யாரும் பயன்படுத்தலாம். ஆனால் கருவிக்கு இ.டி.ஏ. எனும் வகை ஒப்புதல் இருக்க வேண்டும். விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். கருவியைச் செல்பேசியோடு ப்ளூடூத்தில் இணைக்கும் மெஷ்டாஸ்டிக் செயலியில் முதல் வேலையாக நாட்டை ‘ஐ.என்.’ (இந்தியா) என்று மாற்றுங்கள். அதைச் செய்யாவிட்டால் கருவி எதையும் அனுப்பாது.

கருவியின் மின்சுற்றுப் பலகையில் இரண்டு சாதி. ஹெல்டெக் வி3 போன்ற, இ.எஸ்.பி.32 சில்லு உள்ள பலகைகள் மலிவு, ஆனால் மின்சாரத்தைக் குடிக்கும். ஒரு 18650 பேட்டரியில் (விரல் போன்ற உருளை லித்தியம் பேட்டரி) ஒரு நாள் தாண்டினால் பெரிது. என்.ஆர்.எஃப்.52840 சில்லு உள்ள ராக் நிறுவனப் பலகை அதே பேட்டரியில் சில நாட்கள் தாங்கும். புயலுக்கென்று வாங்குவதானால் இரண்டாவதையே வாங்குங்கள், கூடவே கையகலச் சூரியத்தகடு ஒன்று.

என் முதல் பலகையைக் கொன்றவன் நானே. பெட்டியைப் பிரித்த ஆசையில் ஆன்டெனா மாட்டாமல் மின்சாரம் கொடுத்து ‘சோதனை’ என்று அனுப்பிப் பார்த்தேன். போகிற இடம் இல்லாத அலை திரும்பி வந்து அனுப்பும் பகுதியையே சுட்டுவிட்டது. திரை எரியும், ப்ளூடூத் இணையும், பக்கத்து மேசையில் இருக்கும் கருவிக்குக்கூட எதுவும் கேட்காது. ஆகவே ஆன்டெனா முதலில், பேட்டரி பிறகு. ஆன்டெனா நம் பட்டைக்குப் பொருந்தும் 868 மெகாஹெர்ட்ஸுக்கானதா என்றும் பாருங்கள்; 433க்கானதும் பார்வைக்கு அப்படியே இருக்கும்.

நான்கு கிலோமீட்டர்? தரையில் வைத்தால் மறந்துவிடுங்கள். நம் பக்கம் மலை இல்லை என்று பெருமைப்படுகிறோம், ஆனால் தென்னை மட்டை, அதுவும் மழையில் நனைந்த மட்டை, அலையை விழுங்கும். திறனைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுங்கள். இரண்டு வீட்டு மாடியிலும் ஜி.ஐ. குழாய் நிறுத்துங்கள். எட்டாவிட்டால் இடையில் உயரமான மாடியில் மூன்றாவது கருவி. அது செய்தியைக் கேட்டுத் தானாக மறுபடி ஒலிபரப்பும். இப்படிக் கருவிக்குக் கருவி தாவி, வழக்கமாக மூன்று தாவல் வரை போகும். செயலியில் கருவியின் பங்கு என்ன என்று கேட்கும் இடத்தில் எல்லாவற்றையும் ‘ரூட்டர்’ ஆக்கிவிடாதீர்கள், ‘கிளையன்ட்’ போதும்.

பழைய அலைவரிசை:
நான் ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் உள்ளவன். மேலே சொன்னது சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கருவியில் முதலிலேயே இருக்கும் பொதுச் சேனலின் பூட்டுச் சாவி ஊரறிந்தது, எவரும் படிக்கலாம். குடும்பத்துக்குத் தனிச் சேனல் உருவாக்கி, அதன் க்யூ.ஆர். குறியை நேரில் காட்டி அக்காவின் செல்பேசியில் ஏற்றுங்கள். எங்கள் ஹாம் அலைவரிசைகளில் செய்தியை இப்படிப் பூட்டக் கூடாது. இந்தப் பட்டையில் உங்களுக்கு அந்தச் சலுகை இருக்கிறது.

தோப்புக்காரன்:
மூன்று கருவி வாங்கிவிட்டேன். மாடியிலிருந்து அக்கா வீட்டுக்கு நேராக எட்டவில்லை. பெரியப்பா வீட்டுத் தண்ணீர்த்தொட்டி மேல் மூன்றாவதைக் கட்டியதும் போயிற்று! ஆனால் இரண்டு சந்தேகம். சேனலில் அனுப்பினால் சரிக்குறி விழுகிறது, அக்காவோ ஒன்றும் வரவில்லை என்கிறார். தமிழில் நாலு வரி எழுதினால் செயலி ஏற்கவும் மறுக்கிறது.

மாடிக்கம்பி (மன்னார்குடி):
சேனல் செய்திக்கு விழும் சரிக்குறிக்கு, பக்கத்தில் ஏதோ ஒரு கருவி கேட்டு மறுபடி சொன்னது என்று மட்டுமே பொருள். உங்கள் பெரியப்பா தொட்டி கேட்டிருக்கிறது, அக்கா கேட்கவில்லை. அக்காவின் பெயரைத் தொட்டுத் தனிச்செய்தியாக அனுப்புங்கள், அவர் கருவியே ஒப்புகை அனுப்பும்.

ஒரு செய்திக்கு இடம் சுமார் 200 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒன்று. தமிழில் ‘க’வுக்கு 3, புள்ளியோ காலோ கொம்போ சேர்ந்தால் 6. ‘வணக்கம்’ என்று தொடங்கினாலே 21 போய்விடும். வணக்கத்தை விடுங்கள், அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார். ‘நலம்’ 12 பைட்தான்.

தோப்புக்காரன்:
தனிச்செய்தி போய்ச் சேர்ந்தது. பதிலும் வந்தது: “மோட்டாரை நிறுத்து, வரப்பு உடைகிறது”.