பன்னிரண்டு சுர வரிசைல எழுதினா உயிரே வரமாட்டேங்குது, என்ன பண்றது?

கேள்வி:
யுனிவர்சிட்டில கம்போசிஷன் ரெண்டாவது வருஷம், இந்த செமஸ்டர் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கோட பன்னிரண்டு சுர முறை, அதாவது பன்னிரண்டு சுரத்தையும் ஒரு வரிசையா அடுக்கி, அந்த வரிசைலருந்தே இசையை எழுதுறது. வரிசையைத் தலைகீழாக்கி, பின்னாலருந்து எழுதி, பன்னிரண்டு சுரத்துலயும் தொடங்கி வர்ற 48 வடிவத்தையும் கட்டம் போட்டு வச்சுட்டேன், ஆனா பியானோல வாசிச்சா கணக்கு நோட்டை வாசிக்கிற மாதிரியே இருக்கு. ரொம்ப மனசு விட்டுப்போச்சு.

பதில் 1:
எனக்கும் முதல்ல அப்படித்தாங்க இருந்துச்சு. 48ஐயும் யூஸ் பண்ணணும்னு கட்டாயமே இல்ல, ஷோன்பெர்க்கே ஓபஸ் 25 பியானோ சூட்டை எட்டே வடிவத்தை வச்சுதான் எழுதியிருக்காரு. ரிதம், எந்த ஆக்டேவ், எவ்வளவு சத்தம் எல்லாம் உங்க கையிலதான், முதல்ல ரிதத்தை மட்டும் கைதட்டிப் பாத்து எழுதுங்க.

பதில் 2:
ஷோன்பெர்க்கோட மாணவர் ஆல்பன் பெர்க்கோட 1935 வயலின் கான்செர்ட்டோ ஸ்கோரை (இசைக்குறிப்பை) பாருங்க. வரிசைல 1, 3, 5, 7வது சுரம் ஜி, டி, ஏ, ஈ, அதாவது வயலினோட நாலு கம்பி, விரலே வைக்காம அப்படியே வாசிக்கலாம். கடைசி நாலு சுரம் இசையமைப்பாளர் பாக்கோட கோரல் (சர்ச் பாட்டு) ஒண்ணோட தொடக்கம், அந்தக் கோரலையே முடிவுக்குக் கிட்ட கொண்டு வர்றாரு, எனக்கு இன்னமும் அங்க தொண்டை அடைக்கும். காதுக்கு என்ன வேணும்னு யோசிச்சுட்டு வரிசை போடுங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க! நான் எழுதுறது செல்லோவுக்கு, அதோட சி, ஜி, டி, ஏ கம்பியை வச்சு இன்னிக்கு ராத்திரியே புது வரிசை போடுறேன்.